விருப்பமும் எதிர்வுகூறலும்

நாளை நிகழவிருப்பதை இன்றே அறிந்துகொள்ள வேண்டும் என்ற அவா மனிதனோடு உடன்பிறந்தது. பண்டைத் தமிழர் இதற்கெனப் பல வழிகளை வகுத்திருந்தனர். கழங்கு பார்த்தனர், முறத்தில் நெல்லை இட்டுக் கட்டுவிச்சியிடம் குறி கேட்டனர், பல்லியின் ஒலிக்கும் பொருள் கண்டனர். முல்லைப்பாட்டிலே, அரசன் போர்மேற் சென்றிருக்க, முதிய பெண்டிர் ஊர்ப்புறம் சென்று நெல்லும் முல்லை மலரும் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். அவ்வேளை ஆயர்மகள் ஒருத்தி, தாயைப் பிரிந்து வருந்தும் கன்றைப் பார்த்து, உன் தாய் இப்பொழுதே வந்துவிடும் என்று கூறும் சொல் அவர்தம் செவியில் விழுகிறது. அதனையே நற்சொல்லாகக் கொண்டு, தலைவன் மீள்வது உறுதியெனத் தலைவியைத் தேற்றுகின்றனர். கன்றுக்குக் கூறிய சொல்லுக்கும் பாசறையில் இருக்கும் அரசனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கேட்க விரும்பியதையே அவர்கள் கேட்டனர் என்று இக்காலத்தவர் எளிதிற் கூறிவிடலாம்.

திருகோணமலையில், உள்துறைமுகத்தை நோக்கிய வீதியொன்றில் வாழும் பெரியவர் ஒருவரும் நெடுங்காலம் அவ்வாறுதான் கூறிவந்தார். அவருக்கு விரிச்சியிலும் நம்பிக்கை இல்லை. சோதிடத்திலும் நம்பிக்கை இல்லை. ஆயினும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அவர் எதிர்வுகூறல் செய்து வருகிறார். அவர் எதிர்வுகூறுவது மழையை அன்று, மணப்பொருத்தத்தை அன்று. விளையாட்டுப் போட்டிகளின் இறுதிச் சுற்றுக்களில் யார் வெல்வர் என்பதையே.

பெரியவர் துறைமுகத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றி இளைப்பாறியவர். மலைகள் சூழ்ந்த ஆழமான இயற்கைத் துறைமுகம் அது. உலகப் பெருங்கப்பல்கள் பலவற்றுக்கும் இடங்கொடுக்கவல்ல அந்நீர்ப்பரப்பிற் பெரும்பாலான நாட்களில் அமைதியே நிலவியது. சீனன்குடாவின் மாவாலைக்குக் கோதுமைக் கப்பல்கள் வரும். எண்ணெய்க் கப்பல்கள் வரும். கப்பல்களின் வரவைப் பதிவதே அவருடைய அன்றாட வேலை. பேரேட்டில் இரண்டு நிரல்கள் இருக்கும். ஒன்று கப்பல் வரவேண்டிய நாள். மற்றையது அது வந்த நாள். இரண்டும் ஒத்திருப்பது அரிது. கடலும் காற்றும் போரும் கப்பல் உரிமையாளரின் கணக்கும் இடையிலே நின்றன. எதிர்பார்ப்பு என்பது பிழைப்பதற்காகவே எழுதப்படுவது என்ற பாடத்தை அப்பேரேடே தமக்குக் கற்பித்ததாக அவர் கூறுவார்.

இப்பாடம் அவ்வூருக்குப் புதியதன்று. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அவர்கள் மீண்டும் வருவர், கரையிறங்குவர் என்ற அச்சம் நெடுநாள் நீடித்தது. அவர்கள் வரவில்லை. சீனன்குடாக் காட்டினுள் எண்ணெய்த் தாங்கிகள் மட்டும், வராத ஒருவருக்காகக் காத்திருப்பவைபோல, துருவேறி நின்றன. பெரியவர் பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர். தாயார் சொன்ன கதைகளிலே அந்த வராத படையெடுப்பு அவர் மனத்திற் பதிந்திருந்தது.

1996 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் ஒரு சீ. ஆர். கொப்பியை வாங்கி, அலுவலகப் பேரேட்டைப் போலவே நிரல்கள் கீறினார். முதலாவது நிரலுக்கு ‘விருப்பம்’ என்றும், இரண்டாவதற்கு ‘எதிர்வுகூறல்’ என்றும், மூன்றாவதற்கு ‘நடந்தது’ என்றும் தலைப்பிட்டார். உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி அவ்வாண்டு இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளில் நடைபெறவிருந்தது. தமக்கென இரு விதிகளை அவர் வகுத்துக்கொண்டார். முதற்பந்து வீசப்பட்டபின் எழுதியதை மாற்றலாகாது. விருப்பத்தை எதிர்வுகூறலாக எழுதலாகாது.

ஜனவரி 31 இல் கொழும்பில் மத்திய வங்கி குண்டுவெடிப்புக்கு உள்ளாகியது. அதன்பின் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் இலங்கைக்கு வந்து ஆட மறுத்தன. ஆடாமலே அப்போட்டிகளை விட்டுக்கொடுத்தன. பன்னிரண்டு அணிகளுள் எட்டு கால் இறுதிக்குச் சென்றன. அச்சுற்றிலிருந்தே பெரியவரின் கொப்பி தொடங்குகிறது. பைசலாபாத்தில் இங்கிலாந்தை இலங்கை வெல்லும் என எழுதினார். சனத் ஜயசூரிய 44 பந்துகளில் 82 ஓட்டங்களைக் குவிக்க, அது பலித்தது. கல்கத்தாவில் நடந்த அரை இறுதிக்கு இந்தியாவின் பெயரை எழுதினார். சொந்த மண், ஏறத்தாழ ஓர் இலட்சம் பார்வையாளர், டெண்டுல்கரின் துடுப்பு என்பன அவர் காட்டிய காரணங்கள். இந்தியா ஒரு விக்கெட்டை இழந்து 98 ஓட்டங்கள் பெற்றிருந்தபோது அக்காரணங்கள் சரியாகவே தோன்றின. டெண்டுல்கர் ஆட்டமிழந்தார், எட்டு விக்கெட்டுகள் 120 இல் வீழ்ந்தன, பார்வையாளர் கலகம் விளைத்தனர், போட்டி இலங்கைக்கு வழங்கப்பட்டது. இப்படி முடியும் என்று எழுதுவதற்கு எந்த நிரலிலும் இடம் இருக்கவில்லை.

இறுதிப்போட்டிக்கு அவர் தந்த காரணம் இன்னும் நுட்பமானது. அதற்கு முன் நடந்த ஐந்து உலகக் கிண்ண இறுதிப்போட்டிகளிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது. மார்ச் 17 இல் லாகூரில் நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க களத்தடுப்பைத் தேர்ந்ததாக வானொலி அறிவித்ததும், பெரியவர் எதிர்வுகூறல் நிரலில் ‘அவுஸ்திரேலியா’ என எழுதினார். அவுஸ்திரேலியா பெற்றது 241. அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தியதோடு ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களையும் பெற, இலங்கை ஏழு விக்கெட்டுகளால் வென்றது. ஐந்து நிகழ்ச்சிகள் ஒரு விதியாகிவிடமாட்டா என்று கொப்பியின் ஓரத்தில் அவர் அன்றிரவே குறித்துக்கொண்டார்.

அன்றிரவு வேறொன்றும் நிகழ்ந்தது. பெரியவரின் ஒரே மகனுக்கு அப்போது வயது இருபது. அடையாள அட்டையைக் காட்டாமல் ஒரு சந்தியைக் கடக்க முடியாத நாட்கள் அவை. தமிழ் இளைஞன் ஒருவன் மாலையில் வெளியே சென்றால், அவன் திரும்பும்வரை வீட்டிலுள்ளோர் வாயிலையே பார்த்திருந்தனர். வெற்றி ஓட்டம் பெறப்பட்டபோது தந்தை தம்மை மறந்து மேசையைத் தட்டினார். மகன் எழுந்துவந்து கொப்பியைப் பார்த்தான். எதிர்வுகூறல் நிரலை அவன் பொருட்படுத்தவில்லை. விருப்ப நிரலில் ‘இலங்கை’ என்று எழுதப்பட்டிருந்தது.

“இது ஆருட வெற்றி, அப்பா?” என்று கேட்டான்.

தந்தையிடம் மறுமொழி இருக்கவில்லை. ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. மகன் கேட்டது ஆட்டத்தைப் பற்றியதன்று என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முந்திய ஆண்டின் டிசம்பர் 26 இல் மெல்பேர்ணில் முரளிதரனின் பந்துவீச்சு எறிதல் என ஏழுமுறை அறிவிக்கப்பட்டபோது, அதே மகன் உணவருந்தாமல் இருந்ததையும் அவர் கண்டிருந்தார். அணி ஒன்றை வெறுத்துக்கொண்டே அதில் ஆடும் ஒருவனுக்காக வருந்துவது எப்படி என்ற கேள்வியை மகனும் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்திருப்பான். இருவரும் பல நாட்கள் பேசிக்கொள்ளவில்லை. 1998 இல் அவன் கொழும்பு வழியாகக் கனடா சென்று டொரொன்டோவிற் குடியேறினான்.

அதன்பின் கடிதங்களே எஞ்சின. கடிதங்கள் பிறர் கண்ணிற் படக்கூடும் என்ற அச்சத்தால் ஊரில் நடப்பவற்றைத் தந்தை எழுதுவதில்லை. குளிரையும் தொழிற்சாலை வேலையையும் வாடகை அறையையும் எழுதித் தாயைக் கலங்கச் செய்ய மகன் விரும்பவில்லை. எழுதக்கூடியவை மிகச் சிலவாக இருந்தன. 1999 உலகக் கிண்ணத்துக்குச் சில வாரங்களின் முன்னர் வந்த கடிதத்தின் இறுதியில், “கொப்பியில் என்ன எழுதினீர்கள்?” என்றொரு வரி இருந்தது. தந்தை தம் எதிர்வுகூறல்களைக் காரணங்களோடு நான்கு பக்கங்களில் எழுதி அனுப்பினார். அவ்வாண்டு இலங்கை முதற் சுற்றிலேயே வெளியேறியது. ஆயினும் கடிதப் போக்குவரத்து நிலைத்துவிட்டது. மகனும் ஒரு கொப்பி வாங்கினான்.

2007 ஏப்ரல் 28 இல் பார்படோசில் நடந்த இறுதிப்போட்டிக்குத் தந்தையும் மகனும் ஒரே பெயரை எழுதியிருந்தனர்: அவுஸ்திரேலியா. மழையால் 38 ஓவர்களாகக் குறைக்கப்பட்ட ஆட்டத்தில் கில்கிறிஸ்ட் 149 ஓட்டங்கள் பெற்றார். இலங்கையில் அது இரவு. அவ்விரவில் விடுதலைப் புலிகளின் விமானங்கள் கொழும்பை அண்டிய எண்ணெய் நிலையங்களைத் தாக்க வந்தன. தலைநகரின் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஆட்டம் முடியுமுன்னரே தொலைபேசி ஒலித்தது. மகன் கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. “அங்க எல்லாம் சரியா, அப்பா?” என்று மட்டும் கேட்டான். எதிர்வுகூறல் பலித்த அந்தப் பக்கத்தில் வழக்கமாக இடும் சரிக்குறியைத் தந்தை இடவில்லை. இன்றும் அவ்விடம் வெறுமையாகவே இருக்கிறது.

2011 ஆம் ஆண்டின் பக்கம் வேறு வகையிற் குறிப்பிடத்தக்கது. போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முடிந்த விதம் பற்றி இருவரும் தொலைபேசியிற் பேசுவதில்லை. கால் இறுதியில் இங்கிலாந்தைப் பத்து விக்கெட்டுகளாலும் அரை இறுதியில் நியூசிலாந்தை ஐந்து விக்கெட்டுகளாலும் இலங்கை வென்றது. ஏப்ரல் 2 இல் மும்பாயில் இந்தியாவுடன் இறுதிப்போட்டி. அது முரளிதரனின் கடைசி ஒருநாள் சர்வதேசப் போட்டி. தந்தை எதிர்வுகூறல் நிரலில் ‘இந்தியா’ என எழுதினார். விருப்ப நிரலில், முதன்முறையாக ஓர் அணியின் பெயருக்குப் பதில் ஓர் ஆளின் பெயரை எழுதினார்: ‘முரளி’. தொலைபேசியில் மகன் தன் கொப்பியை வாசித்தபோது அவனுடைய விருப்ப நிரலிலும் அதே பெயர் இருந்தது. ஆனால் அவன் எதிர்வுகூறலாக எழுதியிருந்தது ‘இலங்கை’. 1996 இல் கதவருகில் நின்று கேள்வி கேட்டவன் அவன்.

“காரணம் என்ன?” என்று தந்தை கேட்டார். “காரணம் இல்லை. விருப்பத்தைத்தான் எழுதினேன்” என்றான். “அது விதிக்கு மாறு” என்றார் தந்தை. இருவரும் சிரித்தனர். இலங்கை பெற்ற 274 ஓட்டங்களை, கம்பீரின் 97 உம் தோனியின் 91 உம் துணைநிற்க, இந்தியா பத்துப் பந்துகள் எஞ்சியிருக்கக் கடந்தது. தந்தையின் எதிர்வுகூறல் பலித்தது. மறு ஆண்டில் மகன் ஒருமுறை வந்து இரண்டு கிழமைகள் தங்கிச் சென்றான். மாலைகளில் இருவரும் டச்சுக்குடாக் கடற்கரையில் அமர்ந்திருந்தனர். 1996 இன் கேள்வியை இருவரும் எடுக்கவில்லை. அது இருவருக்கும் நினைவிருந்தது.

2015 இல் மகனின் எதிர்வுகூறல்களிற் புதியதொரு விளையாட்டு இடம்பெறத் தொடங்கியது. டொரொன்டோவின் புளூ ஜேஸ் அணி அவ்வாண்டு பேஸ்போல் இறுதிச் சுற்றுக்களுக்குத் தகுதி பெற்றிருந்தது. பெரியவருக்கு அவ்விளையாட்டு முற்றிலும் அந்நியமாக இருக்கவில்லை. சித்திரைப் புத்தாண்டு விழாக்களில் ஆடப்படும் எல்லே அதற்கு ஓரளவு ஒத்தது. தடியால் பந்தை அடித்துவிட்டு, குறித்த இடங்களைத் தொட்டு ஓடி மீளும் ஆட்டம் அதுவும். அவரை ஈர்த்தது ஆட்டமன்று, அதன் இறுதிச் சுற்றுக்களின் அமைப்பு. கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் ஒருநாள் தோல்வி ஓர் அணியை வெளியேற்றிவிடும். பேஸ்போலிலோ இறுதித் தொடர் ஏழு ஆட்டங்களைக் கொண்டது. முதலில் நான்கை வெல்பவரே வாகை சூடுவர்.

அவர் கணக்கிட்டுப் பார்த்தார். எந்த எதிரியையும் பத்துக்கு ஆறு என்ற அளவில் வெல்லக்கூடிய சிறந்த அணி ஒன்று, கால் இறுதி, அரை இறுதி, இறுதி என ஒவ்வோர் ஆட்டமாக மூன்றையும் வெல்லும் வாய்ப்பு ஆயிரத்தில் 216 மட்டுமே. சிறந்த அணி ஐந்தில் நான்கு தடவை வெறுங்கையோடு திரும்பும். அதே அணி ஏழு ஆட்டத் தொடர் ஒன்றில் ஆடுமாயின் அதை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 71 ஆக உயர்கிறது. ஆட்டங்கள் கூடக் கூடத் தற்செயலின் வலிமை குறைகிறது, ஆனால் அழிவதில்லை. ஏழு ஆட்டங்களிலும் நூற்றுக்கு 29 அதனிடமே எஞ்சியிருக்கிறது. இதை எழுதியனுப்பிய கடிதத்தை மகன் சட்டமிட்டு வைத்திருப்பதாகப் பின்னர் தெரியவந்தது.

2025 ஒக்டோபரில் பெரியவருக்கு வயது எண்பத்தொன்று. டொரொன்டோவில் இரவு எட்டு மணி என்றால் திருகோணமலையில் விடியற்காலை ஐந்தரை. துறைமுகத்தில் இருள் விலகும் நேரம் அது. விறாந்தையில் அமர்ந்து, தேநீரை அருகில் வைத்துக்கொண்டு, மகன் அனுப்பிய கைத்தொலைபேசியில் அவர் ஆட்டங்களைப் பார்த்தார். இப்போது மகனோடு பேரனும் பேசினான். பதினொரு வயது. தமிழ் விளங்கும், பேசும்போது தயங்கும். நியூயோர்க் யாங்கீஸ் அணியுடனான தொடரில் டொரொன்டோ வெல்லும் என அப்பப்பா எழுதியது பலித்தது. சியாட்டில் அணியை ஆறு ஆட்டங்களில் வெல்லும் என எழுதியது பாதி பலித்தது. ஏழாவது ஆட்டம்வரை சென்றே வென்றது. 32 ஆண்டுகளின் பின்னர் அவ்வணி இறுதித் தொடரை எட்டியது. எதிரி, முந்திய ஆண்டின் வாகையராகிய லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ்.

பெரியவர் விதிப்படி நடந்தார். விருப்பம்: டொரொன்டோ. எதிர்வுகூறல்: டொட்ஜர்ஸ், ஆறு ஆட்டங்களில். இதைக் கேட்ட பேரனின் முகம் மாறியது.

“அப்பப்பா, நீங்க எங்கட பக்கம் இல்லையா?”

இருபத்தொன்பது ஆண்டுகளின் முன்னர் அதே வீட்டில் எழுந்த கேள்வியின் குரல் இதிலும் இருந்தது. பெரியவர் நிரல்களை விளக்க முயன்றார். விரும்புவது வேறு, நடக்கும் என்று எண்ணுவது வேறு என்றார். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அந்த வேற்றுமை பயன்படவில்லை. தன் பக்கம் நிற்கிறாரா என்பதையே அவன் அறிய விரும்பினான். தந்தையின் பின்னால் நின்ற மகன் ஒன்றும் கூறவில்லை.

தொடர் எவர் கணக்கிற்கும் அடங்காமல் நடந்தது. மூன்றாவது ஆட்டம் ஒன்பது இன்னிங்சில் முடியவேண்டியது பதினெட்டுவரை நீண்டு, ஆறரை மணி நேரத்துக்கு மேல் சென்றது. விடியற்காலையில் அமர்ந்தவர் நண்பகலிலேயே எழுந்தார். ஐந்து ஆட்டங்களின் முடிவில் டொரொன்டோ மூன்றுக்கு இரண்டு என முன்னணியில் நின்றது. ஆறாவதை டொட்ஜர்ஸ் வென்றது. ஆறு ஆட்டங்களில் என்ற எதிர்வுகூறல் அத்துடன் பிழைத்தது. ஏழாவது ஆட்டத்துக்கு மட்டும் தனியாக எழுதும்படி பேரன் கேட்டான்.

பெரியவர் நெடுநேரம் பேனையைக் கையில் வைத்திருந்தார். சொந்த மைதானம் என்றொரு காரணம் இருந்தது. அது போதாது என்பதும் அவருக்குத் தெரியும். கல்கத்தாவை அவர் மறக்கவில்லை. இரண்டு நிரல்களிலும் ஒரே பெயரை எழுதி, கொப்பியை உயர்த்திக் கைத்தொலைபேசிக்குக் காட்டினார். எழுத்துக்களைக் கூட்டி வாசித்த பேரன் துள்ளினான். மகன் மட்டும், “அது விதிக்கு மாறு, அப்பா” என்றான்.

“தெரியும்” என்றார் பெரியவர்.

நவம்பர் 2 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை, ஒன்பதாவது இன்னிங்சில் டொரொன்டோ நான்குக்கு மூன்று என முன்னின்றது. இன்னும் இருவரை ஆட்டமிழக்கச் செய்தால் வாகை. அப்போது மிகெல் ரோஹாஸ் அடித்த பந்து எல்லை கடந்து ஆட்டத்தைச் சமப்படுத்தியது. பதினோராவது இன்னிங்சில் வில் ஸ்மித்தின் அடி டொட்ஜர்சுக்கு வெற்றியைத் தந்தது. முந்திய நாள் பந்துவீசிய யமமொட்டோவே மறுநாளும் வந்து இறுதி இன்னிங்சுகளை வீசி முடித்தார். எந்தக் கணக்கு அதை முன்கூட்டிச் சொல்லும்?

பேரன் அழுதான். “அப்பப்பா, நீங்க பிழையாச் சொல்லிட்டீங்க” என்றான்.

“ஓம் ராசா, பிழைதான்” என்று கூறிய பெரியவர், அவன் பார்க்கவே ‘நடந்தது’ நிரலில் டொட்ஜர்ஸ் என எழுதிப் பிழைக்குறி இட்டார். பின்னர் இருவரும் ரோஹாசின் அடியைப் பற்றி அரைமணி நேரம் பேசினர். டொரொன்டோவில் அப்போது நள்ளிரவு கடந்திருந்தது. பேரனை உறங்கச் செல்லுமாறு ஒருவரும் சொல்லவில்லை.

எதிர்வுகூறல் அறிவின் தொழில். விருப்பம் உள்ளத்தின் தொழில். இரண்டையும் கலவாமற் காப்பது நேர்மை என்பதிற் பெரியவருக்கு இன்றும் ஐயமில்லை. கொப்பியின் பிற பக்கங்கள் அனைத்தும் அதற்குச் சான்று. எனினும், கேட்பவர் யார் என்பதும் சொல்லின் பொருளில் அடங்கும் என்பதை அவர் எண்பத்தொன்றாம் வயதில் ஏற்றுக்கொண்டார். விரிச்சி கேட்ட முதிய பெண்டிரைப் பற்றி இப்போது அவர் வேறுவிதமாகப் பேசுகிறார். கன்றுக்குக் கூறிய சொல் அரசனைக் கொண்டுவராது என்பதை அவர்களும் அறிந்திருக்கலாம் என்கிறார். காத்திருப்பவள் ஒருத்தி வீட்டில் இருந்தாள். அவளிடம் வெறுங்கையோடு செல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டு குடும்பத்தோடு வருவதாக மகன் கூறியிருக்கிறான். இதற்கு முன்னரும் பலமுறை கூறியிருக்கிறான். வேலை, பள்ளி விடுமுறை, பயணச்செலவு என ஏதேனுமொன்று குறுக்கிட்டது. பேரன் இதுவரை திருகோணமலையைக் கண்டதில்லை. அயலவர் ஒருவர், இதையும் கொப்பியில் எழுதினால் என்ன என்று வேடிக்கையாகக் கேட்டார். கப்பல்களின் வரவை நாற்பது ஆண்டுகள் பதிந்த பெரியவர் தலையை அசைத்து மறுத்தார். கொப்பியை மூடி அலுமாரியில் வைத்துவிட்டு, முன்னறையின் சன்னலுக்குப் புதிய வலை அடிக்கத் தச்சனை வரச்சொல்லியிருப்பதாகக் கூறினார். கனடாப் பிள்ளைக்கு நுளம்புக்கடி ஒத்துக்கொள்ளாதாம்.